ஜில் லைன் செல்வி

ஆரோக்கியசெல்வி முதல்முதலாக ஒரு ஆளை அடித்தபோது அவளுக்குப் பதினாறு வயது. மரக்காணம் உப்பளத்தில் காலில் புண்ணோடு நிற்க முடியாமல் வரப்பில் உட்கார்ந்துவிட்ட அவள் அம்மா ராசம்மாளை, மேஸ்திரி முடியைப் பிடித்துத் தூக்கினான். பத்தடி தள்ளி உப்பு வாரிக்கொண்டிருந்த செல்வி ஓடி வந்து, கையிலிருந்த பலகையால் அவன் காதோடு சேர்த்து ஒன்று போட்டாள். காது கிழிந்தது. அன்று சாயங்காலமே நாலு பேர் வந்து அவள் அப்பாவைத் தெருவில் தள்ளி மிதித்தார்கள். தம்பி தேவா, ஒன்பது வயசுப் பயல், மிதித்தவன் ஒருத்தனின் தொடையைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. முன்பல் இரண்டு போன பிறகுதான் விட்டான். அந்த வருஷம் முழுக்க அவர்கள் குடும்பத்துக்கு எந்த உப்பளத்திலும் வேலை கிடைக்கவில்லை.

இனி இவள் இங்கே இருந்தால் ஆகாது என்று மாதா கோயில் சிஸ்டர்கள் சேர்ந்து செல்வியைப் பாண்டிச்சேரியில் ஐ.டி.ஐ. படிக்க அனுப்பினார்கள். ஏ.சி. மெக்கானிக் பிரிவில் இடம் காலி இருந்தது, அதில் சேர்ந்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். பிறகு சென்னையில் ஏழு வருஷம் ஏ.சி. ரிப்பேர் வேலை. அதற்குப் பின் பழைய மகாபலிபுரம் சாலையில், பதினேழு கட்டடங்களுக்கு ஒரே இடத்திலிருந்து குளிர்ந்த தண்ணீரைக் குழாயில் அனுப்பும் நிலையம் ஒன்றில் பன்னிரண்டு வருஷம் ஆபரேட்டர். இடையில் ஒரு கல்யாணம் நடந்தது. அவன் மூன்றாவது தடவை கை ஓங்கியபோது இவள் திருப்பி அடித்தாள். அத்தோடு அது முடிந்தது.

முப்பத்தொன்பதாவது வயதில் ஊருக்குத் திரும்பி வந்தாள். அதே மாதிரி நிலையம் ஒன்று மரக்காணத்துக்கும் வந்திருந்ததுதான் காரணம். பெரிய ஊர்களுக்கு என்று போட்ட திட்டம் அது. பாண்டிச்சேரியில் போடுவதற்கு முன்னால் சின்ன ஊரில் ஓட்டிப் பார்க்கலாம் என்று இங்கே வைத்திருந்தார்கள். கடைத்தெருவைச் சுற்றி வளையம் மாதிரி பூமிக்குள் இரண்டு இரும்புக் குழாய்: ஒன்றில் ஏழு டிகிரியில் தண்ணீர் போகும், இன்னொன்றில் கட்டடங்களின் சூட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வரும். தனித்தனியாக யாரும் ஏ.சி. மெஷின் வைத்துக்கொள்ள வேண்டாம். ஊர்க்காரர்கள் அதற்கு ஜில் லைன் என்று பெயர் வைத்தார்கள். பாதையோரம் இரும்பு மூடியைத் தூக்கி, ஐந்தடி நீள டி வடிவச் சாவியைக் குழிக்குள் விட்டு வால்வைத் திருகும் செல்வியை ஜில் லைன் செல்வி என்றார்கள்.

வந்த ஆறாவது மாதமே நிலையத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டது. திட்ட மேலாளர் வினோதினி, முப்பது வயசுப் பெண், பாண்டிச்சேரியிலிருந்து தினம் வந்து போகிறவள். கத்திரி வெயில் முடிந்து கணக்குப் பார்ப்பார்கள், தேறாவிட்டால் மெஷினைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று செல்வியிடம் ஒளிக்காமல் சொன்னாள்.

"பதினொரு கனெக்‌ஷன் இருக்குதே மேடம்?"

"இருக்கு செல்விக்கா. ஜவுளிக்கடை பகல்ல மட்டும். லாட்ஜ் ராத்திரில மட்டும். கல்யாண மண்டபம் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம். மெஷின் பாதி நேரம் சும்மா சுத்துது."

செல்விக்கு அது புரிந்தது. சென்னையில் பார்த்ததுதான். பத்துப் பேருக்குக் கொடுத்தாலும் நூறு பேருக்குக் கொடுத்தாலும் தோண்டுகிற பள்ளம் ஒன்றே, போடுகிற குழாய் ஒன்றே. அந்தச் செலவைத் தாங்க, நாள் முழுக்க, நிறுத்தாமல் குளிர் வாங்குகிற ஒரு பெரிய கை வேண்டும். அப்படி ஒருவர் வந்து உட்கார்ந்தால் மற்றவர்களுக்கும் விலை இறங்கும், விலை இறங்கினால் இன்னும் நாலு பேர் வருவார்கள். மரக்காணத்தில் அப்படிப்பட்ட கை இறால் ஷெட்தான். கூனிமேட்டு ரவூப் பாயின் ஷெட்டில் இருநூறு பெண்கள் மூன்று ஷிப்டில் இறால் உரித்தார்கள். அந்தக் கூடத்துக்கும் குளிர் வேண்டும், இறால் கழுவும் தண்ணீருக்கும் குளிர் வேண்டும்.

செல்வி ஒரு மாதம் அவர் ஷெட்டுக்கு நடந்தாள். கடைசியில் ரவூப் பாய் கேட்டார்: "உங்க லைன் ரெண்டு மணி நேரம் நின்னுச்சுன்னா என் சரக்கு அம்புட்டும் குப்பைக்குப் போயிடும் தங்கச்சி. அதுக்கு ஜவாப் யாரு சொல்றது?"

"நான் சொல்றேன் பாய். ஒரு பக்கம் அடைச்சாலும் வளையத்துல இன்னொரு பக்கமா தண்ணி வந்துரும். நான் இருக்கற வரைக்கும் உங்களுக்கு நிக்காது."

ரவூப் பாய், "இன்ஷா அல்லாஹ்" என்று கையெழுத்துப் போட்டார்.

சேதி அன்றைக்கே ஐஸ் பேக்டரிக்குப் போய்விட்டது. சுப்ராயனின் ஐஸ் பேக்டரி கடைத்தெருவுக்கு வடக்கே இருந்தது. அங்கே ஐஸ் பாரைக் கொக்கி போட்டு இழுத்து வண்டியில் ஏற்றுகிற முப்பது ஆட்களுக்கு மேஸ்திரி, அவள் தம்பி தேவா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். தேவாவின் மனைவி மலர்கொடி மீன்குழம்புச் சட்டியை இறக்கி நடுவில் வைத்தாள்.

"ரவூப் பாய் ஷெட்டுக்கு லைன் குடுக்கறியாமே?" என்றான் தேவா.

"ஆமாம்."

"எங்க ஐஸுல பாதி அங்கதான் போவுதுன்னு உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்டா. தண்ணிய குளிர வெக்கப் போடறாங்களே, அது மட்டும்தான் நிக்கும். இறால் மேல கொட்டற ஐஸு எப்பவும் வேணும்."

"ரெண்டு ஐஸ் தொட்டிய மூடப் போறேன்னு சுப்ராயன் சொல்லிட்டாரு. பன்னெண்டு பேர நான் வீட்டுக்கு அனுப்பணும். யார் யாருன்னு நீயே பேரு எழுதிக் குடேன்."

"வேற வழி இருக்குது தேவா. நான் அவருகிட்ட பேசறேன்."

"நீ பேசி எப்ப எவன் உருப்பட்டான்? நீ கை நீட்டுனதுக்கு அப்பா மிதிபட்டாரு. இப்ப நாங்களா?"

செல்வி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் குழம்புச் சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தான். கொதிக்கிற குழம்பு அவள் இடது கையில் முழங்கை வரை தெறித்தது. மலர்கொடி அலறிக்கொண்டு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். செல்வி எழுந்து, கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் கையில் கட்டோடு ஐஸ் பேக்டரிக்குப் போனாள். அவள் சொல்லப்போன விஷயம் சின்னது. சுப்ராயன் தொட்டியில் விடுகிற தண்ணீர் முப்பது டிகிரியில் இருக்கிறது. ஜில் லைனை ஒட்டி அதை ஓட்டி, எட்டு டிகிரிக்கு இறக்கி விட்டால், உறைய வைக்கிற வேலையில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். கரண்ட் மிச்சம், ஐஸ் விலையைக் குறைக்கலாம், கடலூர் பக்கம் வரைக்கும் விற்கலாம். ஐஸ் போடுகிறவரும் லைனில் ஒரு கனெக்‌ஷன் ஆகிவிட்டால் இரண்டு பேருக்கும் பிழைப்பு. ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தாள்.

சுப்ராயன் தாளை வாங்கவே இல்லை. ஏற்றுக்கூலி ஆட்கள் அத்தனை பேரும் பார்க்க, "உப்பு வார்ன பொம்பள எனக்கு ஐஸ் போடச் சொல்லித்தர வந்துட்டா" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "இவள வெளிய போடுங்கடா" என்றார்.

ஒருவன் பிடரியைப் பிடித்து நெட்டினான். ஈரச் சிமெண்டுத் தரையில் வழுக்கி, வாசல் இரும்புச் சட்டத்தில் நெற்றி மோதி விழுந்தாள். புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. தேவா பத்தடியில் கையில் கொக்கியோடு நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் கடைத்தெரு வால்வுக்குழி ஒன்றில் யாரோ சிமெண்டுக் கலவையைக் கொட்டியிருந்தார்கள். உளியை வைத்து இரண்டு நாள் கொத்தினாள். அதற்கு அடுத்த வாரம், நிலையத்துக்கு மீட்டர் பார்க்கிற பிரபுவைக் காலை பத்து மணிக்கு, வெட்டவெளிச்சத்தில், கூனிமேட்டு ரோட்டில் வண்டியிலிருந்து இழுத்துப் போட்டு உதைத்தார்கள். விலா எலும்பு நாலு போனது. யார் என்று போலீஸ் கேட்டதற்கு, "மொகத்த பாக்கல சார்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள். செல்வி அவனை வற்புறுத்தவில்லை.

ஏப்ரல் கடைசியில் ரவூப் பாய் ஷெட்டுக்குத் தண்ணீர் திறந்தாள். மெஷின் அன்றைக்குத்தான் முதல்முதலாக நின்று நின்று ஓடாமல் ஒரே சீராக இரைந்தது. வினோதினி திரையைக் காட்டி, "பாருங்கக்கா, கோடு எப்படி நேரா போவுது" என்று குழந்தை மாதிரி குதித்தாள். இன்னும் இரண்டு ஷெட்காரர்கள் விசாரிக்க வந்தார்கள்.

ஒன்பது நாள் அப்படி ஓடியது.

பத்தாம் நாள் மதியம் ஒரு மணி. கத்திரி வெயிலில் தார்ரோடு இளகிக் கிடந்தது. ஓடைப் பாலத்துப் பக்கம் எட்டு ஆட்கள் கடப்பாறையோடு போகிறார்கள் என்று டீக்கடைக்காரர் போன் செய்தார். வளையம் முழுக்க பூமிக்குள் போனாலும், அந்தச் சின்னப் பாலத்தை ஒட்டி இருபதடி மட்டும் குழாய் வெளியே தெரியும். அதன் முதுகில், காற்று போவதற்கு ஒரு சின்ன வால்வு, கழுத்து மாதிரி துருத்திக்கொண்டு இருக்கும். உப்புக் காற்றில் அந்தக் கழுத்து துருப்பிடித்திருந்ததைச் செல்வி போன வாரம்தான் பார்த்து மாற்றுவதற்கு எழுதிக் கொடுத்திருந்தாள்.

நிலையத்தில் கூட வேலை செய்த சுரேஷிடம் போலீசுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, வால்வுச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

அவள் போனபோது குழாயின் மேல்உறையைக் கடப்பாறையால் கிழித்து, உள்ளே குளிர் போகாமல் சுற்றியிருந்த பஞ்சை ஓடையில் வாரி எறிந்துகொண்டிருந்தார்கள். தேவா சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, குழாயின்மேல் ஒரு காலும் பாலச்சுவரில் ஒரு காலுமாக, சம்மட்டியோடு நின்றான்.

"எறங்குடா தேவா."

"போயிடு. உன் மேல கை வெக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் இவனுங்கள இட்டாந்தேன்."

"அதுல ஆறு கிலோ பிரஷர் இருக்குதுடா. உங்கள அடிச்சுத் தள்ளிரும். எறங்கு."

"எறங்கி எங்க போவட்டும்? நீயே சொல்லு, எங்க போவட்டும்?" என்று கத்தினான். குரல் உடைந்தது. சம்மட்டியை ஓங்கி அடித்தான். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. மயிரிழையாகத் தண்ணீர் சீறியது.

செல்வி பாய்ந்தாள். பின்னாலிருந்து ஒருவன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தான். இன்னொருவன் வயிற்றில் உதைத்தான். தார்ரோட்டில் விழுந்ததும் முதுகுத் தோல் ஒட்டிக்கொண்டு பொசுங்கியது. "அக்காவ வுடுங்கடா!" என்று தேவா மேலிருந்து கத்தினான்; கத்திக்கொண்டே மறுபடி ஓங்கினான். செல்வி தன் முடியைப் பிடித்திருந்த கையைக் கடித்தாள். அவன் விட்டதும் எழுந்து, இரும்புச் சாவியை இரண்டு கையாலும் சுழற்றினாள். ஒருவனுக்கு முழங்காலில் விழுந்தது. மற்றவர்கள் விலகினார்கள்.

சம்மட்டி இறங்கிக்கொண்டிருந்தது. அதன் காம்பைப் பற்றியிருந்த வலதுகையைப் பார்த்து அடித்தாள். அது யாருடைய கை என்று தெரிந்தே அடித்தாள்.

எலும்பு நொறுங்கிய சத்தம் அவளுக்கே கேட்டது. ஆனால் சம்மட்டியும் விழுந்துவிட்டது, கழுத்தின்மேலேயே. கழுத்து முறிந்து, தண்ணீர் ஒரு தூண் மாதிரி தென்னை உயரத்துக்குக் கிளம்பியது. நின்றவர்களை அடித்துச் சாய்த்தது. தேவா பாலச்சுவருக்கு அந்தப் பக்கம், ஓடைக் கற்களில் தலைகுப்புற விழுந்தான். மற்ற ஆட்கள் எழுந்து, விழுந்து, எழுந்து ஓடினார்கள்.

செல்வி ஓடைக்குள் எட்டிப் பார்த்தாள். தேவா புரண்டு மல்லாந்து கிடந்தான். தலையில் ரத்தம். கை மணிக்கட்டுக்குக் கீழே வேறு யாருடையதோ மாதிரி மடிந்திருந்தது. "அக்கா" என்றான்.

போன் அடித்தது. சுரேஷ். "செல்விக்கா, பிரஷர் எறங்குது! பம்ப நிறுத்தட்டுமா?"

பம்பை நிறுத்தினால் ஊர் முழுக்க நிற்கும். ரவூப் பாய் ஷெட் நிற்கும். பாலத்துக்கு இரண்டு பக்கமும் வால்வை மூடினால் இந்த இருபதடி மட்டும் செத்துப்போகும், மற்ற இடத்துக்குத் தண்ணீர் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகும்.

"நிறுத்தாத! வண்டிய எடுத்துக்கினு போய் மண்டபத்து வால்வ மூடு. இந்தப் பக்கத்த நான் மூடறேன்."

வால்வுக்குழி பாலத்திலிருந்து இருபது தப்படி தூரம். மூடியை நெம்பித் தள்ளிவிட்டுச் சாவியை உள்ளே இறக்கினாள். முழுக்க மூட முப்பத்தொரு சுற்று. குழம்பு பட்டு ஆறாத கையின் தோல் உரிந்து சாவியில் ஒட்டியது. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினாள். ஓடைக்குள்ளிருந்து அக்கா, அக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தது. பதினாலாவது சுற்றில் குரல் நின்றது. செல்வியின் கைகள் நிற்கவில்லை. முப்பத்தொன்று வரைக்கும் திருகி, தண்ணீர்த் தூண் குட்டையாகி அடங்கியதைப் பார்த்த பிறகுதான் சாவியைப் போட்டுவிட்டு ஓடைக்குள் குதித்தாள்.

தேவாவுக்கு உயிர் இருந்தது. மயக்கம் போட்டிருந்தான். முதுகில் சுமந்து மேலே ஏற்றினாள். அவ்வழியாக வந்த ஷேர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனாள். போகும் வழியெல்லாம் அவன் தலையை மடியில் அழுத்திப் பிடித்திருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் மலர்கொடி அவள் கன்னத்தில் அறைந்தாள். இரண்டாவது தடவையும் அறைந்தாள். "பைப்ப மூடிட்டுத்தான வந்தீங்க அண்ணி? அங்க பாத்த டீக்கடைக்காரரு சொன்னாரு. மூடி முடிச்சிட்டுத்தான வந்தீங்க?"

செல்வி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "ஆமாம்" என்றாள்.

போலீஸ் வந்தபோது, "கையில அடிச்சது நான்தான்" என்று கேட்காமலே சொன்னாள். தற்காப்பு என்று எழுதச் சொல்லி வினோதினி காதில் கிசுகிசுத்தாள். "இல்ல மேடம். அவன் என்ன அடிக்க வர்ல. பைப்பத்தான் அடிச்சான்" என்றாள். பதினாலு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தாள். சுப்ராயனும் அவருடைய ஆட்கள் ஆறு பேரும் அதற்கு மேலும் இருந்தார்கள்.

குழாய் உடைந்த அன்று ஷெட்டில் ஒரு கூடை இறால்கூட வீணாகவில்லை. ஊரில் வேறு எதைவிடவும் அதுதான் பரவியது: குழாயை உடைத்தே போட்டாலும் ஜில் லைன் நிற்கவில்லை. விசாரித்துக்கொண்டிருந்த இரண்டு ஷெட்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். நர்சிங் ஹோம் ஒன்று வந்தது, வங்கி வந்தது. ஜூன் மாசக் கணக்கில் நிலையம் தன் செலவைத் தானே தூக்கிக்கொண்டது. யாரும் மெஷினைக் கழற்ற வரவில்லை. வினோதினி அந்தக் காகிதத்தைக் காட்டியபோது, செல்வி படித்துவிட்டு, மடித்து, திருப்பிக் கொடுத்தாள்.

மழைக்காலம் முடிந்து சுப்ராயனே நிலையத்துக்கு வந்தார். வியாபாரம் அடிபட்டு ஆள் பாதியாக இருந்தார். தான் வாங்காமல் விட்ட அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று வினோதினியிடம்தான் கேட்டார், செல்வியின் முகத்தைப் பார்க்காமல். வினோதினி செல்வியைப் பார்த்தாள்.

"லைன் குடுங்க மேடம்" என்றாள் செல்வி. "அங்க இன்னும் பதினெட்டுப் பேரு வேலை செய்றாங்க."

ஐஸ் பேக்டரிக்குள் குழாய் இழுத்தது அவள்தான். நெற்றியைப் பிளந்த வாசல் சட்டத்தைத் தாண்டித்தான் தினமும் போய் வந்தாள். முன்பு அவள் பிடரியைப் பிடித்தவன் குழாயின் மறுமுனையைத் தாங்கிப் பிடித்தான். மூடியிருந்த தொட்டிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வீட்டுக்குப் போன பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் திரும்பி வந்தார்கள். தேவாவால் வர முடியவில்லை. அவன் வலதுகையில் மூன்று விரல் மடங்காது. கொக்கி பிடிக்க முடியாது.

ஒன்றரை வருஷம் கழித்துத் திண்டிவனம் கோர்ட்டில் செல்விமேல் போட்ட வழக்கு வந்தது. தேவாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள். "யாரும் அடிக்கல சார். பாலத்துலேர்ந்து வழுக்கி விழுந்தேன்" என்றான். வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டார். அவன் அதையே சொன்னான். எழுந்து நின்று மறுக்கப் போன செல்வியை அவள் வக்கீல் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். வழக்கு தள்ளுபடி ஆனது.

வெளியே வேப்பமரத்தடியில் அவனை நிறுத்தினாள். ஒன்றரை வருஷத்தில் முதல்முதலாகப் பேசினாள். "ஏன்டா அப்படிச் சொன்ன?"

தேவா அந்தக் கையை அவள் முகத்துக்கு நேரே தூக்கினான். விறைத்த விரல்கள் அவள் மூக்கில் உரசின.

"ஜெயிலுக்குப் போனா பட்ட கடன் தீந்துச்சுன்னு நிம்மதியா இருப்ப. அது உனக்கு வேணாம். வெளிய இரு. இதப் பாத்துக்கினே இரு."

மலர்கொடி அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

இப்போது தேவா உப்பளத்தில் கடல்தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்குக் காவல் இருக்கிறான். ஜில் லைன் அந்தப் பக்கமும் நீண்டுவிட்டது. தினம் காலையில் வால்வுக்குழிகளைப் பார்த்துக்கொண்டு செல்வி அந்த வழியே வருவாள். அவளைக் கண்டதும் அவன் வலதுகையை எடுத்து முட்டியின்மேல், நன்றாகத் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்வான். செல்வி நிற்பாள். அந்தக் கையைப் பார்ப்பாள். ஒருநாளும் பார்க்காமல் தாண்டிப் போனதில்லை. பிறகு சாவியைத் தோள் மாற்றிக்கொண்டு அடுத்த குழிக்குப் போவாள்.